வடசென்னைக் கல்லூரியிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது எப்படி: பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் கல்லூரியில் முதல்வர் அறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி பீரோ இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட ஐந்து புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் அதில் சிவப்பு உறைக்குள் தூங்குகின்றன. குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போட்டு, போட்டோ எடுத்துக் கையெழுத்துப் போட்டவை. அந்த ஐந்தால் ஒரே ஒரு மாணவர்கூட விமானம் ஏறியதில்லை. எங்களிடமிருந்து முதல் ஆள் போனது ஒப்பந்தமே இல்லாத ஓர் ஊருக்கு. அதுவும் ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்கு எழுதிய பத்து வரி மெயிலை வைத்து.

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்காகவும் படிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சர்வதேச விவகார அலுவலகம் ஒன்றை வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-லேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. பெரிய இடங்களில் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு ஸ்டாஃப் ரூமில் ஒரு மேசை கிடைத்தால் பெரிது, அதுவும் பாதி வருஷம் விடைத்தாள் கட்டுக்கு அடியில் கிடக்கும். அந்த மேசையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

பாஸ்போர்ட்டும் இனிஷியலும்

முதல் கூட்டத்தில் அறுபது மாணவர்களிடம் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று, அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது சின்ன வயதில் எடுத்து, காலாவதியாகிவிட்டது. வாய்ப்பு வந்த பிறகு பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வாய்ப்பு வரும்போது மூன்று வாரம்தான் அவகாசம் இருக்கும். சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய், தட்காலில் போனால் மேலே 2,000. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு 1,500 என்பதே ஒன்றரை மாதப் பணம், அதை 3,500 ஆக்க விடாதீர்கள். முதலாம் ஆண்டிலேயே எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் கல்லூரியிலேயே ஒரு மதியம் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைத்து, எல்லோரையும் உட்கார வைத்து ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். சேவை மையங்கள் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரத்தில் இருக்கின்றன. நமக்குப் பக்கம் அமைந்தகரை.

நிரப்பும்போது இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று முகவரி. வாடகை வீடு மாறியிருப்பார்கள், இல்லையென்றால் குடும்பத்தையே பெரும்பாக்கம் பக்கம் மாற்றியிருப்பார்கள், ஆதாரில் மட்டும் பழைய தெரு அப்படியே இருக்கும். போலீஸ் சரிபார்ப்புக்கு வருகிறவர் அந்தத் தெருவில் விசாரித்தால் ஆள் இல்லை, கோப்பு திரும்பிவிடும். ஆதாரை முதலில் சரி செய்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். மார்க்‌ஷீட்டில் ‘கவிதா எஸ்’ என்றும் ஆதாரில் ‘எஸ் கவிதா’ என்றும் வங்கிக் கணக்கில் வெறும் ‘கவிதா’ என்றும் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். வெளிநாட்டுக்காரர்களின் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வேலை ஓடும், ஆனால் டிக்கெட், வங்கி, ஹாஸ்டல் என்று ஒவ்வொரு கவுண்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியேதான். மார்க்‌ஷீட்டோடு ஒத்துப் போகாததற்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி உறுதிமொழி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எங்கள் மாணவி ஒருத்தி போய் இறங்கிய ஹாஸ்டலில், கதவில் வரவேற்பு அட்டை ஒட்டியிருந்தார்களாம், அன்புள்ள திரு. சண்முகம் என்று. அது அவள் அப்பா பெயர், அவர் எண்ணெய்க் கம்பெனி லாரி ஓட்டுகிறார். அந்த அட்டையைத்தான் அவள் அங்கிருந்து அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தாள், வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

யார் முதலில் போக வேண்டும்?

மாணவர்களை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் ஊழியர் ஒருவர் போய்வர வேண்டும் என்பது என் கட்சி. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் இருந்தால்தான் பெற்றோரிடம் உறுதியாகப் பேச முடியும், ஹாஸ்டல் எப்படி, பிள்ளை இரவு எட்டு மணிக்கு லைப்ரரியிலிருந்து எப்படித் திரும்பும் என்றெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் இதற்கு நல்ல வழி. 1987-ல் ஐரோப்பாவுக்குள் மட்டும் என்று தொடங்கியது, இப்போது இந்தியா போன்ற நாடுகளோடும் ஆள் பரிமாற்றம் நடக்கிறது. மாணவர்கள் இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை படிக்கப் போகலாம். ஆசிரியர்கள் ஐந்து நாளிலிருந்து இரண்டு மாதம் வரை போகலாம், வாரத்துக்கு எட்டு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பலருக்குத் தெரியாத சங்கதி, பாடம் நடத்தாத ஊழியர்களும் பயிற்சிக்கென்று போகலாம். லைப்ரரியன், தேர்வுப் பிரிவு, அலுவலகக் கண்காணிப்பாளர் எல்லோரும்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். முதல் இடத்தைப் பேராசிரியருக்குக் கொடுக்காமல் அலுவலகக் கண்காணிப்பாளருக்குக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியல் எடுப்பது, சான்றிதழில் சீல் வைப்பது, பணம் எந்தக் கணக்கில் வந்தது என்று பார்ப்பது எல்லாம் அவர் மேசையில்தான் நடக்கிறது. அவர் ஒருமுறை போய், அங்கே இதே வேலையைச் செய்கிற அம்மாவோடு காபி குடித்துவிட்டு வந்தால், அடுத்த முறை மாணவர் கடிதம் கேட்டு நிற்கும்போது ‘நாளைக்கு வா’ என்ற பதில் வராது. எங்கள் இடத்தில் இதற்குச் சண்டை நடந்தது. சீனியாரிட்டி பேசினார்கள். கடைசியில் அனுப்பினோம். இன்று எங்கள் மேசையைப் பாதி நடத்துவது அவர்தான்.

அரசுக் கல்லூரி ஊழியர் என்றால் தடையின்மைச் சான்று இல்லாமல் நகர முடியாது. முதல்வர் வழியாக மண்டல இணை இயக்குநர், அங்கிருந்து கல்லூரிக் கல்வி இயக்ககம் என்று கோப்பு போகும். குறைந்தது மூன்று மாதம் முன்னால் தொடங்குங்கள். அழைப்புக் கடிதத்தில் தேதி, வேலை, செலவை யார் ஏற்கிறார்கள் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். செலவு வரி இல்லாமல் போன எங்கள் கோப்பு ஒன்று கேள்வி கேட்டுத் திரும்பி வந்து, பதில் எழுதி மறுபடி போவதற்குள் விசா தேதி தாண்டிவிட்டது. கௌரவ விரிவுரையாளர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு விடுப்பு விதிகள் குழப்பமானவை, ஆனால் பணி ஆணை கையில் இருந்தால் அழைக்கிற பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

மெயிலும் மீனும்

எராஸ்மஸ் பிளஸில் விண்ணப்பிப்பது நாம் இல்லை, ஐரோப்பியப் பல்கலைக்கழகம். கடைசித் தேதி பிப்ரவரி மாதத்தில் வரும். ஜனவரியில் போய் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் பதில்கூட வராது. செப்டம்பரில் எழுத வேண்டும். துணைவேந்தருக்கோ சர்வதேச அலுவலகத்தின் பொது முகவரிக்கோ எழுத வேண்டாம், உங்கள் பாடத்தையே நடத்துகிற ஓர் ஆசிரியருக்கு எழுதுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையாகவே படித்துவிட்டு எழுதுங்கள். எங்கள் கல்லூரி இந்த ஆண்டு தொடங்கப்பட்டது, இத்தனை ஏக்கர், இத்தனை துறை என்று நீளும் முன்னுரையை வெட்டிவிடுங்கள், அதைப் படிப்பதற்குள் அவர் மூடிவிடுவார். என்ன பாடம், எத்தனை மாணவர், என்ன கேட்கிறீர்கள், நம்மிடம் என்ன இருக்கிறது. இவ்வளவு போதும்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வியில்தான் வடசென்னை ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. எண்ணூரில் கழிமுகமும் அனல்மின் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள். சுற்றுச்சூழல், பொருளாதாரம், தொழிலாளர் வரலாறு படிப்பவருக்கு இது ஒரு சோதனைச்சாலை. ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்தில் இருந்த ஆசிரியைக்கு நாங்கள் எழுதிய பத்து வரியில் நாலு வரி காசிமேட்டைப் பற்றித்தான்.

அவர் உடனே யாரையும் அழைக்கவில்லை. சேர்ந்து ஆன்லைனில் வகுப்பு நடத்திப் பார்ப்போம் என்றார். இந்த முறைக்கு ‘காயில்’ (COIL) என்று பெயர், இரண்டு நாட்டு மாணவர்கள் கலந்து குழுவாகி ஐந்தாறு வாரம் ஒரே வேலையைச் செய்வது. செலவு கிடையாது, யாருடைய அனுமதியும் பெரிதாக வேண்டாம். உங்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒரு யூனிட்டை இதற்கு ஒதுக்கினால் போதும். எங்கள் பையன்கள் இருவர் விடியற்காலை மூன்று மணிக்கு ஏலக்கூடத்தில் நின்று போனில் வீடியோ எடுத்தார்கள். ஒரு கூடை வஞ்சிரம் கைமாறுவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அந்தப் பக்கத்து மாணவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அவர்கள் ஊரில் ஏலம் திரையில் நடக்கிறதாம், சத்தமே கிடையாது. அதுவரை ஆங்கிலம் பேச வெட்கப்பட்டுக் கேமராவை அணைத்து வைத்திருந்த பையன், மீன் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவே இல்லை.

நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய ஐரோப்பாவுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள். எங்களுக்கு அது தெரியாது. அடுத்த வகுப்பில் முப்பது பேர் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி வரை காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலை ஷிப்ட் மாணவர்கள் மதியம் கடையிலோ டெலிவரி வேலையிலோ இருப்பார்கள், அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் சம்பளம். வருகிற அக்டோபருக்கு இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அந்த ஆன்லைன் வகுப்பு முடிந்த அடுத்த செப்டம்பரில்தான் ஆசிரியை, விண்ணப்பத்தில் உங்களைச் சேர்க்கிறேன் என்றார். முடிவு தெரிய கோடை ஆகிவிடும், அதற்குப் பிறகுதான் பயணம். ஆக முதல் மெயிலிலிருந்து முதல் விமானம் வரை இரண்டு வருஷம். மூன்று வருஷப் பட்டப்படிப்பு மாணவருக்கு இது கொடுமை. அதனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

அரியர் பயம்

‘சார், நான் போயிட்டா நவம்பர் செமஸ்டர் அரியர் ஆயிடுமே?’ எல்லா மாணவரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. போகும் முன்பே இதற்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். கற்றல் ஒப்பந்தம் என்று ஒரு படிவம் உண்டு. அங்கே எந்தெந்தப் பாடம் படிப்பார், அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுதி, மாணவர், நம் கல்லூரி, அந்தக் கல்லூரி மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடி பீரோவில் உள்ள ஐந்து ஒப்பந்தத்தையும் சேர்த்தாலும் இந்த இரண்டு பக்கத்துக்கு ஈடாகாது.

ஐரோப்பாவில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நாம் வகுப்பு மணி நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். எண்ணை எண்ணோடு அப்படியே பொருத்தப் பார்த்தால் உதைக்கும். பாடத்துக்குப் பாடம் பொருத்துங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு வழி செய்துவிடலாம். இணைவுக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அதற்கு ஒரு செமஸ்டர் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடியாது என்று தோன்றினால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்போ புராஜெக்ட்டோ இருக்கும், அதை அங்கே செய்ய வையுங்கள். ஜெர்மனியில் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலை நடு வரை ஓடும், நம் மே, ஜூன் விடுமுறை அதற்குள் அழகாக உட்காரும். தேர்வும் தப்பாது. இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம் என்று யுஜிசி 2022-ல் விதிமுறை கொண்டுவந்தது, சிலர் அங்கிருந்து தொடங்கலாம் என்பார்கள். அதற்குக் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பெண் 3.01, தரவரிசை என்று நிபந்தனைகள் வரும். முதல் மாணவரே போகாத நிலையில் அதைத் தொடாதீர்கள்.

பணம்

எராஸ்மஸ் பிளஸில் போகும் மாணவர் அங்கே கல்விக் கட்டணம் கட்ட வேண்டாம், இங்கே கட்டுவதைக் கட்டினால் போதும். மாதம் 800 முதல் 900 யூரோ வரை, நாட்டைப் பொறுத்து உதவித்தொகை உண்டு, பயணத்துக்குத் தனியாகக் கொடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால் அந்தப் பணம் கைக்கு வரும் நேரம். டிக்கெட், காப்பீடு, விசாக் கட்டணம் எல்லாம் போகும் முன்பே கட்ட வேண்டியவை. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கே 90 யூரோ, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். எங்கள் முதல் மாணவரின் அம்மா நகையை அடகு வைத்துத்தான் டிக்கெட் போட்டார், பணம் வந்து மீட்பதற்குள் நாலு மாத வட்டி. இரண்டாவது முறை நாங்கள் வெட்கத்தை விட்டு எழுதினோம், டிக்கெட்டை நீங்களே வாங்கி அனுப்ப முடியுமா, முன்பணம் தர முடியுமா என்று. தாராளமாக என்று பதில் வந்தது. கேட்காமல் இருந்தது நம் தப்பு.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானின் சகுரா சயின்ஸ் திட்டத்தில் அங்கிருக்கும் நிறுவனம் அழைத்தால் குறுகிய காலம் போய் வரலாம். கனடாவின் மிடாக்ஸ் குளோபலிங்க் இளநிலை மாணவர்களுக்குப் பன்னிரண்டு வார ஆராய்ச்சிப் பயிற்சி. தைவானில் ‘டீப்’ (TEEP) என்ற பெயரில் பயிற்சித் திட்டம் இருக்கிறது. நம் அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஸ்கவுட் என்ற பிரிவில் 2024-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அனுப்பினார்கள், அதனால் நான் முதல்வன் அறிவிப்புகளைத் தேர்வுக்கு மட்டும் என்று ஒதுக்காமல் படியுங்கள். ஆசிரியர்களுக்கு அமெரிக்கா போக ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை உண்டு. அதை நடத்தும் அமைப்புக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, அமெரிக்கப் படிப்பு பற்றி அங்கே நேரடியாகக் கேட்கலாம்.

முழுப் பட்டமும் வெளிநாட்டில் படிக்க விரும்பும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை, 8-லிருந்து 12 லட்சம் என்றால் 24 லட்சம் வரை. இது முதுநிலை, முனைவர் பட்டத்துக்கு. எங்கள் பக்கம் இதைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளைகள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள், வகுப்புக்கு வகுப்பு போய்ச் சொல்லுங்கள். இலவச ஆலோசனை என்று போர்டு வைத்த ஏஜென்ட் சொல்லமாட்டார். மாணவர் சேர்ந்தால் அந்த வெளிநாட்டுக் கல்லூரியிடமிருந்து அவருக்குக் கமிஷன், அது அவர் பிழைப்பு. ஆனால் பரிமாற்றத் திட்டங்களில் அவருக்கு ஒரு பைசா வராது, ஆகவே அந்தப் பேச்சே எடுக்கமாட்டார்.

வீட்டுக்குப் போங்கள்

பெற்றோரைக் கல்லூரிக்கு வரவழைத்து ஸ்லைடு போட்டுக் காட்டுவதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போவது மேல். புது வண்ணாரப்பேட்டையில் ஓர் அம்மா, டீ கொடுத்துவிட்டு, ‘ஒரு வாரம்னா சரி சார், அஞ்சு மாசம்னா யாரு பொறுப்பு?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும்தான் பதில். அங்கே இருக்கும் ஆசிரியையை வீடியோ அழைப்பில் அந்த அம்மாவிடமே பேச வைத்தோம், மகள் மொழிபெயர்த்தாள். சாப்பாடு பற்றியே பத்து நிமிஷம். அப்புறம் சம்மதம்.

அங்கிருந்து ஆட்கள் வரும்போது

பரிமாற்றம் என்றால் அவர்களும் வருவார்கள். அவர்களைத் தங்க வைக்கும் இடத்தை முதலில் யோசியுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தைப் படிவம் 3-ல் (2025 வரை இது படிவம் ‘சி’) ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அது ஹோட்டலுக்கும் பொருந்தும், கல்லூரி விடுதிக்கும் பொருந்தும், உங்கள் வீட்டு மாடி அறைக்கும் பொருந்தும். விடுதிக் காப்பாளருக்கு முன்பே ஒரு முறை நிரப்பிக் காட்டிவிடுங்கள், விருந்தாளி இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கும்போது பாஸ்வேர்டு தேட வேண்டாம். எங்களுக்கு வந்த ஆசிரியை முதல் நாள் காலையிலேயே காசிமேடு போக வேண்டும் என்றார். மூன்று மணிக்கு ஆட்டோ சொல்லி வைத்திருந்தோம். வீடியோ எடுத்த அந்தப் பையன்தான் கூடப் போனான்.